முதலில் திறக்கும் பக்கம்

காலையில் கண் விழித்தவுடன் ஒருவர் முதன்முதலாக எதைக் காண்கிறார் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் நம் முன்னோர் அதனைச் சிறிய விஷயமாகக் கருதவில்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. சித்திரை முதல் நாளன்று விழித்ததும் கனியும் பூவும் கண்ணாடியும் கண்ணில் படவேண்டும் என்று, முதல் நாள் இரவே தட்டில் அடுக்கி வைக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. இவையெல்லாம் தொடக்கம் நம் கையில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தினால் எழுந்தவை அன்றோ?

இன்று டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுள் பலருக்கு, நாளின் முதல் வாசல் கணினித் திரையாகவே இருக்கிறது. இணையத்தைக் காண உதவும் உலாவி என்னும் மென்பொருளைத் திறக்கிறோம். நாம் கேளாமலே ஒரு பக்கம் வந்து நிற்கிறது. அதில் செய்திகளும் விளம்பரங்களும் தேடுவதற்கான ஒரு கட்டமும் இருக்கின்றன. அப்பக்கத்தை அவ்விடத்தில் வைத்தவர் யார்? அதனை மாற்றும் உரிமை நமக்கு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சுவையான வரலாறு நம் முன் விரிகிறது.

அவ்வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். உலாவி முதலில் திறக்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஹோம் பேஜ்’ என்கின்றனர். ‘ஹோம்’ என்றால் வீடு. அதனைத் தமிழாக்கியவர்களோ ‘இல்லப் பக்கம்’ என்று வழங்காமல் ‘முகப்புப் பக்கம்’ என்று வழங்கினர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது முதலில் ஒரு குறையாகவே பட்டது. வீடு என்பது வெளியே சென்றவர் திரும்பி வந்து சேரும் இடம். முகப்பு என்பது பிறர் பார்வையில் படும் இடம். வேண்டுமானால் விளம்பரப் பலகையும் மாட்டத்தக்க இடம். இரண்டும் ஒன்றாகுமா? ஆனால் இப்பக்கத்தின் வரலாற்றைப் பயின்றபின், இரு சொற்களுமே உண்மையைத்தான் கூறுகின்றன என்று உணர்ந்தோம். அப்பக்கம் பயனாளரின் வீடாக இருக்குமா, வணிகரின் முகப்பாக இருக்குமா என்ற இழுபறியே இதன் வரலாறு எனலாம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரின் அருகே செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயரான டிம் பெர்னர்ஸ்-லீ, பல கணினிகளில் சிதறிக் கிடக்கும் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துப் படிப்பதற்கு ஒரு திட்டத்தை 1989 மார்ச்சு மாதத்தில் முன்வைத்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதிக்குள் உலகின் முதல் உலாவியை அவரே எழுதி முடித்தார். அந்த உலாவிக்கு ஒரு சிறப்பு உண்டு. அது பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் பயன்பட்டது. ஆகவே ஒருவர் தமக்கென ஒரு பக்கத்தை அமைத்து, தமக்கு வேண்டிய பிற பக்கங்களுக்கான இணைப்புகளை அதில் தாமே குறித்து வைத்துக்கொள்ள இயன்றது. ‘வீடு’ என்ற சொல் அங்கு முழுப் பொருத்தத்துடன் நின்றது.

1991-ஆம் ஆண்டில், எழுத்துகளை மட்டும் காட்டும் எளிய உலாவி ஒன்றும் அதே நிலையத்தில் உருவாயிற்று. நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி அதனை ஆக்குவதில் பெரும் பங்கு கொண்டார். உலாவி எந்தப் பக்கத்தில் தொடங்கவேண்டும் என்பதைக் கணினியில் ஒரே வரியில் எழுதி வைத்துவிடலாம் என்ற ஏற்பாடும் அக்காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. அவ்வரியின் பெயரிலும் ‘ஹோம்’ என்ற சொல்லே அமைந்திருந்தது. 1993 ஏப்ரல் 30-ஆம் நாள், வலை என்னும் இக்கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் நிலையம் அறிவித்தது. கதவு அனைவருக்கும் திறந்தது.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மையத்திலிருந்து மொசைக் என்னும் உலாவி வெளிவந்தது. மார்க் ஆண்டிரீசன், எரிக் பினா என்ற இருவர் அதனைத் தொடங்கினர். படங்களையும் எழுத்துகளையும் ஒரே பக்கத்தில் காட்டிய காரணத்தால் மொசைக் விரைவில் புகழ் பெற்றது. பிடித்தமான பக்கங்களின் முகவரிகளைச் சேர்த்து வைக்கும் பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பயனாளர் மாற்றினாலன்றி, மொசைக் எப்பொழுதும் அந்த ஆராய்ச்சி மையத்தின் சொந்தப் பக்கத்திலேயே தொடங்கியது. உலகெங்கும் உலாவியைத் திறந்தவர்கள் எல்லாரும் முதலில் அந்த ஒரு வாசலையே மிதித்தனர். அம்மையத்தின் கணினிகள் அச்சுமையைத் தாங்குவதற்குப் புது வழிகளைத் தேடவேண்டியதாயிற்று. பெரும்பாலோர் முதற்பக்கத்தை மாற்றுவதே இல்லை என்ற உண்மை அப்பொழுதே புலப்பட்டுவிட்டது. அந்த மையம் அறிவை வளர்க்கும் நோக்குடையது. அதனால் தீங்கொன்றும் நேரவில்லை. ஆனால் இந்த உண்மையைப் பிறரும் கண்டுகொண்டனர்.

1994-ஆம் ஆண்டில் ஆண்டிரீசன் புதிதாக எழுந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பங்கேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவி, சேர்த்து வைக்கும் முகவரிகளைப் புத்தகத்தின் இடையே வைக்கும் அடையாளக் குறிக்கு ஒப்பிட்டு ‘புக்மார்க்’ என்றது. உலாவி தொடங்கும் பக்கமோ நெட்ஸ்கேப்பின் பக்கம். அங்கே நாள்தோறும் வந்து குவிந்த மக்கள் கூட்டமே பெருஞ்செல்வம் என்று அந்நிறுவனம் விரைவில் உணர்ந்தது. 1996-ஆம் ஆண்டில், தன் தேடும் பக்கத்தில் இடம் பெறுவதற்காக ஐந்து தேடுபொறி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் டாலர் வீதம் கொடுக்குமாறு அது உடன்பாடு செய்துகொண்டது. அந்த ஐவருள் யாகூ நிறுவனமும் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவர் தமக்குப் பிடித்த வலைத்தளங்களின் பட்டியலாக 1994-இல் தொகுக்கத் தொடங்கியதே பின்னர் யாகூவாக வளர்ந்தது. ஒருவருடைய விருப்பப் பட்டியல் உலகத்தின் வாசலாக மாறிய விந்தை இது.

நம் நாட்டிற்கு இணையம் பொதுமக்கள் பயன்பாட்டிற்கென வந்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் அச்சேவையைத் தொடங்கியது. அதே மாதத்தில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அமெரிக்காவில் வெளியாயிற்று. நம்மவர் தொலைபேசிக் கம்பியின் வழியே பொறுமையுடன் இணையத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அங்கே முதற்பக்கத்திற்கான போர் மூண்டுவிட்டது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தால் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளமே முன்வந்து நின்றது. அது மட்டுமன்று. விண்டோஸ் அமைப்புடன் கணினி செய்து விற்கும் நிறுவனங்கள், அந்த உலாவியின் சின்னத்தை அகற்றலாகாது. கணினி முதன்முறை இயங்கும்போது தோன்றும் காட்சிகளின் வரிசையையும் மாற்றலாகாது என்று மைக்ரோசாஃப்ட் தன் ஒப்பந்தங்களில் நிபந்தனை விதித்தது. 1998 மே 18-ஆம் நாள் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 2001-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்ற கீழ்மன்ற ஆணையை நீக்கியது. எனினும் அத்தகைய நிபந்தனைகளுட் பெரும்பாலானவை போட்டியைத் தடுத்தவை என்பதை அது உறுதி செய்தது. கணினியைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது எது என்னும் வினா, ஒரு வல்லரசின் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், அது எத்துணைப் பெரிய வினா என்பது விளங்கும். இதற்கிடையே 1998 நவம்பரில் நெட்ஸ்கேப்பை வாங்க அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் உடன்பட்டது. அந்த உலாவிக்கு அளிக்கப்பட்ட ஆதரவு 2008 மார்ச்சு முதல் நாளோடு நின்றது.

பெரிய வணிகர் சென்ற பாதையில் சிறு கள்வரும் சென்றனர். 2003-ஆம் ஆண்டையொட்டி, பயனாளர் அறியாமலே அவருடைய முகப்புப் பக்கத்தை மாற்றிவிடும் தீய மென்பொருள்கள் பரவின. பயனாளர் தம் பக்கத்தை மீண்டும் அமைத்தாலும், மறுமுறை கணினியை இயக்கும்போது பழைய அழையா விருந்தாளியே வந்து நிற்பான். வேறொரு மென்பொருளை நிறுவும்போது அவசரத்தில் ‘சரி, சரி’ என்று அழுத்திக்கொண்டே போனவர்களுடைய கணினியில் இத்தகையவை புகுவது எளிதாயிற்று. நம் வீட்டுக் கணினியிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. பல மாதங்கள் யாரோ வைத்த பக்கத்தையே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், ‘இது என்ன செய்தித்தாள்? இதற்கு நீங்கள் சந்தா கட்டுகிறீர்களா?’ என்று கேட்டார். அவர் கேட்ட பின்னரே, நாம் விரும்பி வரவழைக்காத ஒன்றைப் படித்து வந்திருக்கிறோம் என்ற உணர்வு நமக்கு ஏற்பட்டது. வெட்கமாகவும் இருந்தது.

இனி, வீடு பயனாளருக்குத் திரும்பிய பகுதியைக் காண்போம். தொடக்கத்தில் ஓர் உலாவிக்கு ஒரு முகப்புப் பக்கம் மட்டுமே இருக்க முடிந்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாக அடுக்கும் முறை பரவியபின் இத்தடை நீங்கியது. நெட்ஸ்கேப்பின் வழித்தோன்றலாகிய மொசில்லா திட்டத்திலிருந்து 2004 நவம்பர் 9-ஆம் நாள் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பு வந்தது. அதில் பல முகவரிகளை, இடையிடையே ஒரு நெடுங்கோடு இட்டு எழுதி வைத்தால், உலாவியைத் திறந்தவுடன் அவை யாவும் தனித்தனித் தாவல்களில் திறந்தன. 2006 அக்டோபரில் வந்த ஏழாம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வரிக்கு ஒரு முகவரியாகப் பல பக்கங்களை எழுதி வைக்க இடமளித்தது. 2008 செப்டம்பர் 2-ஆம் நாள் கூகுள் நிறுவனம் வெளியிட்ட குரோம் உலாவியில், இன்று தொடங்கும் முறை மூன்றாக வகுக்கப்பட்டிருக்கிறது: புதிய வெற்றுத் தாவல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல், நாமே குறித்து வைத்த பக்கங்கள். கோலம் போடும் உரிமை மறுபடியும் வீட்டாருக்குக் கிடைத்தது எனலாம்.

ஆயினும் உரிமை கிடைப்பது வேறு; அதனைப் பயன்படுத்துவது வேறு. பலரும் பயன்படுத்துவதில்லை என்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு பெருஞ்சான்று வெளிப்பட்டது. அமெரிக்க அரசு கூகுள் நிறுவனத்தின் மீது 2020-இல் தொடுத்த வழக்கில், நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள் தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முன்னதாக அமைந்திருக்கவேண்டும் என்பதற்காக, கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் பிறருக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அவ்வழக்கில் தெரியவந்தது. பயனாளர் விரும்பினால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய ஓர் அமைப்புக்கு இத்துணைப் பொருளைச் செலவிடுவார்களா? செலவிட்டார்கள். ஏனெனில் அந்த ஒரு நிமிடத்தை நம்மில் பலர் செலவிடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நம் சோம்பலின் விலை அது. 2025 செப்டம்பரில் அதே நீதிபதி, பிறருக்கு இடமளிக்காத தனியுரிமை ஒப்பந்தங்களைச் செய்யலாகாது என்று ஆணையிட்டார். நீதிமன்றம் இவ்வளவு செய்யலாம். எஞ்சியதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றில் தமிழுக்கு ஓர் இடம் உண்டு. அதனைக் கூறாமல் விடுவது முறையாகாது. தொண்ணூறுகளில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறப்பது எளிதன்று. தளத்திற்குத் தளம் எழுத்துருவும் குறியேற்ற முறையும் வேறுபட்டன. உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே திரையில் நிறைந்திருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொது முறைகளை வகுக்க முயன்றது. 1991-இலேயே யூனிகோடு என்னும் உலகக் குறியேற்றத்தில் தமிழ் இடம் பெற்றிருந்தது. ஆனால் கணினி அமைப்புகள் அதனை ஏற்றுப் பரவலாகக் காட்டத் தொடங்கியது இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித்தான். இன்று எந்த உலாவியிலும் தமிழ் தடையின்றித் தோன்றுகிறது என்றால், அதன் பின்னே எத்தனையோ தமிழன்பர்களின் உழைப்பு இருக்கிறது.

அவ்வுழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற இத்திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னூல்களாக்கி இலவசமாக வழங்குகிறது. இதனை ஒருங்கிணைத்தவர் முனைவர் கு. கலியாணசுந்தரம். அவர் பணியாற்றிய லோசான் நகரம், ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கரையில் இருக்கிறது. வலை பிறந்த ஜெனீவாவும் அதே ஏரியின் ஒரு முனையில்தான் அமைந்திருக்கிறது. தாய்நாட்டைவிட்டுத் தொலைவில் வாழ்ந்த ஒரு தமிழர், தாய்மொழியின் வாசலை உலகத்தார்க்குத் திறந்து வைத்தார். வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதனை நினைவில் வைக்கவேண்டும்.

ஏனெனில், நம் நிலைக்கும் இவ்வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ ஒருவர் புதுக் கணினி வாங்கித் திறந்தால், அதில் தானாக வரும் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. வாழும் ஊரின் மொழியை அறிவது நமக்கு நன்மையே; வயிற்றுப் பிழைப்புக்கும் அண்டை வீட்டாரோடு கலந்து பழகுவதற்கும் அது வேண்டும். ஆனால் தமிழ் அங்குத் தானாக வருவதில்லை. நாம் அழைத்தால்தான் வரும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த குழந்தையின் கண்ணில் தமிழ் எழுத்து தெருப்பலகையிலும் பேருந்திலும் தானே வந்து படுகிறது. நம் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் நாள்தோறும் திறக்கும் கணினியில் ஒரு தமிழ்ப் பக்கம் தானாக எழுந்து வந்தால், படித்தாலும் படியாவிட்டாலும் எழுத்தின் உருவமாவது கண்ணுக்குப் பழகும். பழகிய எழுத்தைப் பிறகு கற்பது எளிது.

செய்முறையும் கடினமன்று. குரோம் உலாவியில் ‘அமைப்புகள்’ என்னும் பகுதிக்குள் சென்றால், தொடக்கத்தில் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் இடம் உண்டு. குறிப்பிட்ட பக்கங்களைத் திறக்கும்படி அங்கே தேர்ந்தெடுத்து, முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அல்லது வேண்டிய பக்கங்களை முன்னரே திறந்து வைத்துக்கொண்டு, திறந்திருப்பவற்றையே பயன்படுத்துமாறு கூறிவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் ‘முகப்பு’ என்ற பிரிவில் இவ்வசதி இருக்கிறது. இருமுறை இதைச் செய்து பார்த்தால் எவருக்கும் கைவந்துவிடும். கைப்பேசியில் பல பக்கங்களை ஒருங்கே திறப்பது பெரும்பாலும் இயலாது. ஆயினும் வேண்டிய தளத்தின் சின்னத்தை அதன் முகப்புத் திரையில் பதித்துவிடலாம்.

எவற்றைச் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். அலுவலுக்கு ஒரு பக்கம், வாழும் மாநிலத்தின் செய்திக்கு ஒரு பக்கம், தமிழ்ச் செய்திக்கு ஒரு பக்கம், நூல்களுக்கு மதுரைத் திட்டமோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமோ என நான்கு இருந்தால் போதும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கமும் மாணவர்க்கு ஏற்றது. எண்ணிக்கை மிகுந்தால் கணினியின் வேகம் குறையும். நம் கவனமும் சிதறும். வங்கிக் கணக்கின் பக்கத்தை மட்டும் இப்பட்டியலில் சேர்த்தல் நன்றன்று. பலர் கையாளும் கணினியில் அது கண்ணில் படாதிருப்பதே பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்வதும் நலம். பிறர் நமக்காக அமைத்துத் தரும் வாசல் அவர்கள் விருப்பப்படி மூடப்படும். 2005-இல் கூகுள் தொடங்கிய தனிப்பயன் முகப்புப் பக்கம், பலர் விரும்பிப் பயன்படுத்திய பின்னரும், 2013 நவம்பர் முதல் நாளில் மூடப்பட்டது. நாமே எழுதி வைத்த நான்கு முகவரிகளோ நம்மிடமே இருக்கும்.

ஜெனீவாவில் ஒருவர் தமக்கென அமைத்த பக்கத்திற்கு வீடு என்று பெயரிட்டார். இடையில் அது பலருடைய கடைவீதியாயிற்று. அதனை மறுபடியும் வீடாக்கும் சாவி நம் மேசைமீதே கிடக்கிறது. நாளைக் காலை உலாவியைத் திறக்கும்போது எது வந்து நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அது நீங்கள் வைத்ததுதானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அலுவலைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாசலில் கோலமிட அதற்கும் மேற்பட்ட நேரத்தை நம் தாய்மார்கள் நாள்தோறும் செலவிட்டார்கள்.